பாட்டுல 'மழை'ன்னு வந்தா வீடியோல மழை காட்டியே ஆகணுமா?

கடைசி சீட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்ப மாட்டிக்கிட்டதால கேக்குறேன். என் கூட்டாளி ஒருத்தன் பாட்டு எழுதி, அவனே மெட்டு போட்டு, ரூம்லயே பெட்ஷீட்டை ஜன்னல்ல தொங்கவிட்டு ரெக்கார்ட் பண்ணிட்டான். நல்லாவே வந்திருக்கு, 4 நிமிஷம் 10 செகண்ட். வேலைக்காக தென்காசில மெட்ராஸ் பஸ் ஏறுற பையன், அம்மா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து டப்பால புளிசாதம் குடுத்துட்டு நிக்காங்க, விஷயம் அவ்ளோதான். பல்லவி மூணு தடவை வரும். வீடியோ எடுக்க வேண்டியது நான். கைல இருக்கறது என் ஃபோன், அது ஆடாம எடுக்க ஒரு கிம்பல், 18,000 ரூபா.

அவன் என்ன சொல்றான்னா வரிக்கு வரி காட்டணுமாம். 'மழை'ன்னு பாடும்போது மழை, 'ஜன்னல்'னா ஜன்னல், 'அம்மா கை'ன்னா அம்மா கை. எடுத்துப் பாத்தேன், முதல் சரணம் மட்டும். ஒண்ணாங்கிளாஸ் பாடப்புத்தகம் மாதிரி இருக்கு, அ-ன்னா அம்மா ஆ-ன்னா ஆடு. ஆனா ஏன் நல்லா இல்லன்னு அவன்கிட்ட சொல்லத் தெரியல, 'பாட்டுல இருக்கறதைத்தானடா காட்டுற, அதுல என்ன தப்பு'ங்கறான், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அப்புறம் உக்காந்து பெரிய பெரிய வீடியோவா பாத்தேன். ஆ-ஹா பேண்டோட 'டேக் ஆன் மீ' பாத்தீங்கன்னா பென்சில் படம், காமிக்ஸ், துரத்தல்னு என்னென்னமோ நடக்குது, பாட்டு வரியைத் தனியா தேடிப் படிச்சா காமிக்ஸ்ங்கற பேச்சே கிடையாது! ஆனா ஒட்டாத மாதிரியும் இல்ல. எப்படி? பாட்டுக்கும் வீடியோவுக்கும் என்னதான் சம்பந்தம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

தாலிகட்டு எடிட்டர் எழுதியது:

தம்பி, நான் பதினாலு வருஷமா கல்யாண வீடியோ எடிட் பண்றவன், சினிமாக்காரன் இல்ல, அதனால பெருசா தியரி எல்லாம் எதிர்பார்க்காத. ஆனா நீ கேட்டது என் பொழப்பே, பாட்டுமேல படத்தை உக்கார வைக்கறது.

முதல்ல டேக் ஆன் மீ பத்தி. அந்தப் பாட்டு 1984லயே ஒரு தடவை வந்துச்சு, அப்ப பேண்டு நின்னு பாடுற சாதா வீடியோதான், பெருசா போகல. 1985ல பாட்டையே வேற ப்ரொட்யூசரை வச்சு மறுபடி ரெக்கார்ட் பண்ணி, ஸ்டீவ் பேரன்னு ஒரு டைரக்டர் புது வீடியோ எடுத்தாரு, அமெரிக்கால நம்பர் 1 ஆச்சு. 'வீடியோவாலதான் ஜெயிச்சது'ன்னு எல்லாரும் சொல்வாங்க, பாதி நிஜம், பாட்டும் மாறியிருந்துச்சுங்கறதை மறந்துடுவாங்க. நிஜ ஆளுங்களை வச்சு எடுத்த ஃபிலிம் மேலயே ஒவ்வொரு ஃப்ரேமா பென்சில்ல வரைஞ்சிருக்காங்க, சுமாரா 3,000 ஃப்ரேம். எனக்கு மாப்பிள்ளை நெத்தில ஒரு பருவை மறைக்கறதுக்கே ராத்திரி போயிடுது.

இப்ப வரியைப் பாரு. பாட்டுல ஒரு பையன் தயங்கித் தயங்கி 'என்னை ஏத்துக்கோ, ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடுவேன்'ங்கறான். வீடியோல? காபி கடைல ஒரு பொண்ணு காமிக்ஸ் படிக்குது, படத்துல இருக்கற பையன் கண்ணடிக்கறான், பேப்பருக்குள்ள இருந்து பென்சில்ல வரைஞ்ச கை ஒண்ணு வெளிய நீளுது. அந்தக் கைதான்யா பாட்டு! வரில இருக்கற கெஞ்சல் அந்தக் கைல வந்துடுச்சு. 'போயிடுவேன்'ங்கறதும் இருக்கு, பேப்பர்ல வரைஞ்சவன் எத்தனை நாள் இருப்பான், பொண்ணு அந்தக் கையைப் பிடிச்சு பேப்பருக்குள்ள போனதும் கடைக்கார அம்மா, அது காசு குடுக்காம ஓடிடுச்சுன்னு நெனச்சு புத்தகத்தைக் கசக்கி குப்பைல போடுறப்ப அவன் உலகமே சுருங்கிடுது. ஒரு வார்த்தையும் நேரா காட்டல, ஆனா பாட்டு எதுக்காகப் பாடப்பட்டதோ அது மொத்தமும் இருக்கு.

உன் கூட்டாளிகிட்ட இப்படிச் சொல்லு: 'மழை'ன்னு நீ பாடுனதுமே கேக்கறவன் மனசுல மழை பெய்ய ஆரம்பிச்சுடுச்சு, நான் மறுபடி மழையைக் காட்டுனா அது அவன் மழையை விட சின்னதா இருக்கும்.

ஒரு கூத்து சொல்றேன். ஒரு கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு பழைய பாட்டு குடுத்து 'இதுதான் ஹைலைட்ஸுக்கு'ன்னாங்க. பல்லவி தேனா இருக்கும். நான் சரணத்தைக் கவனிக்காம பீட் பாத்து வெட்டிட்டேன். கரெக்டா மாப்பிள்ளை தாலி எடுக்கற ஷாட்ல 'பிரிஞ்சு போறேன்'ங்கற மாதிரி வரி. மண்டபத்துல பெரிய ஸ்க்ரீன்ல ஓடுது. பொண்ணோட பெரியம்மா அப்படியே திரும்பி என்னைப் பாத்தாங்க பாரு. அன்னைல இருந்து வரியை முழுசா எழுதி வச்சிட்டுதான் டைம்லைனைத் தொடுவேன்.

---

வெள்ளிக்கிழமை ரேடியோ எழுதியது:

எனக்கு அறுபது வயசு ஆவுது. தூர்தர்ஷன்ல வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' வரும், தெருவே ஒரு வீட்ல உக்காந்திருக்கும். அதுக்கு முன்னாடி பாட்டு எங்களுக்கு ரேடியோல மட்டும்தான். மாசக்கணக்கா கேட்டுக் கேட்டு மனசுல ஒரு ஊரே கட்டி வச்சிருப்போம், டிவில பாத்தா கலர் கலரா குடத்தை அடுக்கி வச்சு நடுவுல ரெண்டு பேர் ஆடிட்டிருப்பாங்க. எத்தனை பாட்டு எனக்கு அப்படி செத்துச்சு தெரியுமா. அதனால வீடியோவே வேணாங்கற கட்சி நான்.

இருந்தாலும் கேட்டுட்டீங்க, ஒரு விஷயம் சொல்றேன். நம்ம ஊர்ல பழக்கம் தலைகீழ். சினிமால டைரக்டர் 'சிச்சுவேஷன்' சொல்லுவாரு, அப்புறம்தான் மெட்டு, அப்புறம்தான் வரி. கதை முதல்லயே இருக்கும். அதனால பாட்டு சீன்ல கதையைப் புதுசா கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் கிடையாது. இந்தப் பையன் கிட்ட இருக்கறது தனிப்பாட்டு, முன்னாடியும் படம் இல்ல, பின்னாடியும் படம் இல்ல. வெளிநாட்ல பாட்டு வீடியோவுக்குன்னே எம்டிவி சேனல் 1981 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுல இருந்து அவங்க பட்ட கஷ்டம் இதுதான், பாட்டு முடிஞ்சு போச்சு, இனிமே இதுக்கு ஒரு கதை எங்கேந்து கொண்டு வர்றது?

இன்னொன்னு, நம்ம பாட்டுல இடையிசை நீளம். பல்லவி முடிஞ்சதும் வயலின் ஒரு அரை நிமிஷம் ஓடும், அதுக்குள்ள ஓடுற சின்னப் பையன் கால் மட்டும் காட்டி, கேமரா மேல ஏறினா மீசை வச்ச ஹீரோ. பதினஞ்சு வருஷம் போயிடுச்சு! உதட்டை அசைக்க வேண்டியதில்ல, அதனால கதை அந்த சந்துல ஓடிடும். இங்கிலீஷ் பாட்டுல அந்த சந்து ரொம்பக் குறுகல். அதனாலதான் மைக்கேல் ஜாக்சன் 'த்ரில்லர்'ல பாட்டையே பிரிச்சுப் போட்டாங்க.

---

கடைசி சீட்டு எழுதியது:

ஐயா, பாட்டையே பிரிச்சாங்களா? நான் கவனிக்கலையே. கொஞ்சம் விளக்குங்க. எடிட்டர் அண்ணே, பெரியம்மா கதை படிச்சு டீ மூக்குல ஏறிடுச்சு.

---

வெள்ளிக்கிழமை ரேடியோ எழுதியது:

ஆல்பத்துல கேளு, பாட்டு 6 நிமிஷம், வழக்கம்போல ஒரு சரணம், கோரஸ் (நம்ம பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வர்றது), மறுபடி சரணம், கோரஸ்னு போகும். ஜான் லேண்டிஸ் எடுத்து 1983 டிசம்பர்ல வந்த வீடியோ கிட்டத்தட்ட 14 நிமிஷம். அதுல தியேட்டர்ல இருந்து வெளிய வந்து அந்தப் பொண்ணுகூட ரோட்ல நடக்கறப்போ சரணம் எல்லாத்தையும் வரிசையா பாடி முடிச்சுடுறாரு, கோரஸ் கிடையாது. அப்புறம் கல்லறை, பேய் எழுந்து வர்றது, பேய்ப் பட நடிகர் வின்சென்ட் ப்ரைஸ் பேசற குரல், அப்புறம் ஒரு நிசப்தம், அப்புறம் டான்ஸ். கோரஸ் அந்த டான்ஸ்லதான் வருது. யோசிச்சுப் பாரு, நடந்து போற பாதி வழில கோரஸைப் பாடிட்டா, நின்னு ஆடணும், ஆடிட்டு மறுபடி நடக்கணும், பயம் எல்லாம் கலைஞ்சுடும்.

வீடியோ வேணாங்கற கட்சின்னு சொன்னேன்ல, இது ஒண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு.

---

தாலிகட்டு எடிட்டர் எழுதியது:

ஐயா சொன்னது ரொம்ப முக்கியமான பாயிண்ட், நான் அதைப் பிடிச்சுக்கறேன். பாட்டு சுத்திச் சுத்தி ஒரே எடத்துக்கு வரும். கதை அப்படி வராது, அது முன்னாடி போயிட்டே இருக்கும். வீடியோ எடுக்கறவனுக்கு தலைவலியே இங்கதான். உன் பல்லவி மூணு தடவை வருதுன்ன. மூணு தடவையும் பஸ் ஜன்னல்ல பையன் முகத்தையே காட்டுனா மூணாவது தடவை ஆளுங்க ஃபோனைத் தள்ளி விட்டுருவாங்க. அதே வார்த்தை, ஆனா ஒவ்வொரு தடவையும் அடில நடக்கறது மாறியிருக்கணும், அப்பதான் கேக்கறவனுக்கு அந்த வார்த்தை புதுசா கேக்கும்.

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷோட 'ஹர்ட்' வீடியோ பாத்திருக்கியா? பாக்கலன்னா இப்பவே பாத்துட்டு வா, நான் இருக்கேன்.

பாத்தியா. அந்தப் பாட்டு அவரோடது இல்ல. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் பேண்டோட ட்ரென்ட் ரெஸ்னர் 1994ல போட்டது, தன்னையே வெறுக்கற ஒரு இளவயசுக்காரனோட வலி அது. கேஷ் பாடி, மார்க் ரோமனெக் 2003ல வீடியோ எடுத்தாரு. டென்னசில கேஷோட ம்யூசியம் பூட்டிக் கெடந்துச்சு, தண்ணி புகுந்து பாழாப் போயிருந்துச்சு, அதை அப்படியே எடுத்தாங்க. எழுபது வயசு மனுஷன், கை நடுங்க மேஜை மேல ஒயினை ஊத்துறாரு, சாப்பாடு நெறைய இருக்கு, சாப்பிட ஆள் இல்ல. நடுநடுவுல இளவயசு கேஷ் ரயில்ல, ஜெயில்ல பழைய ஃபிலிம்ல வர்றாரு. மாடிப்படில நின்னு மனைவி ஜூன் அவரைப் பாக்குறாங்க, அந்தப் பார்வைக்கு என்னால பேரு வைக்க முடியல. கடைசில பியானோ மூடியைச் சாத்திட்டு அதுமேல கையை வச்சுத் தடவுறாரு. அந்த வருஷம் மே மாசம் ஜூன் போயிட்டாங்க, செப்டம்பர்ல அவரும் போயிட்டாரு.

வார்த்தை கிட்டத்தட்ட அதேதான், ஒரே ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் முள்முடின்னு மாத்திக்கிட்டாரு. ரெஸ்னர் முதல்ல ஆடியோ மட்டும் கேட்டப்ப அவருக்கு ஒரு மாதிரி ஒட்டலையாம். வீடியோ பாத்தப்புறம்தான் இந்தப் பாட்டு இனிமே என்னோடது இல்லன்னுட்டாரு. எழுதுனவனே பாட்டைத் தூக்கிக் குடுத்துட்டான்யா, படத்தைப் பாத்து.

---

கொழுந்துக்கூடை எழுதியது:

நான் ஹட்டன் பக்கம், இலங்கை மலையகம். எல்லாரும் இங்கிலீஷ் பாட்டுப் பக்கமே போறீங்க, 'எஞ்சாய் எஞ்சாமி' யாருக்கும் ஞாபகம் வரலையா? 2021 மார்ச்ல வந்தது, அறிவுங்கற பாடகரும் 'தீ'ங்கற பாடகியும் பாடினது, சந்தோஷ் நாராயணன் இசை, அமித் கிருஷ்ணன் இயக்கம். அதுவும் தனிப்பாட்டுதான், முன்னாடி பின்னாடி படம் இல்ல.

கேக்கறதுக்கு கொண்டாட்டமா இருக்கும், எங்க வீட்டு சின்னப் புள்ளைங்க குக்கூ குக்கூன்னு ஆடும். ஆனா தோட்டத்தைச் செழிக்க வச்சவங்களுக்கு தொண்டை நனையலங்கற வரி அதுக்குள்ளதான் இருக்கு. அறிவோட பாட்டி வள்ளியம்மாள் இலங்கைல தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சு திரும்பிப் போனவங்க. வீடியோல தேயிலைத் தோட்டத்தையும் கொழுந்து பறிக்கற கையையும் காட்டி அழ வச்சிருக்கலாம், சுலபம். அவங்க அந்தப் பாட்டியையே கொண்டு வந்து அரசி மாதிரி உக்கார வச்சாங்க. எங்க அம்மாயி லயத்துக் காம்பராவுல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறை) எங்க ஃபோன்ல இதைப் பாத்துட்டு, பாட்டைப் பத்தி ஒண்ணுமே சொல்லல, 'அந்தக் கெழவி எந்தத் தோட்டமாம்?'ன்னு கேட்டாங்க. 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் அம்மாயியோட தங்கச்சி குடும்பம் இந்தியாப் பக்கம் அனுப்பப்பட்டவங்க. மறுபடி மறுபடி அந்த முகம் வர்ற எடத்துல நிறுத்தி நிறுத்திப் பாத்தாங்க.

எங்களுக்கு அந்த வீடியோல கதை அந்த ஒரு முகம்தான். நீங்க நடிக்க ஆள் தேடாம, உங்க கூட்டாளியோட அம்மாவையே கேட்டுப் பாக்கலாமே?

---

நாலாவது ஷிஃப்ட் எழுதியது:

ஓவரா கதை கதைன்னு போகாதீங்க ப்ரோ. பாதி பேர் ஃபோனை மேஜைல கவுத்து வச்சுட்டுதான் பாட்டு கேக்குறான். 18,000க்கு ஒரு லிரிக் வீடியோ (பாட்டு வரியை எழுத்தா மட்டும் ஓட்டறது) போட்டு மீதி காசுல பிரியாணி சாப்பிடுங்க.

ஆனா சீரியஸா ஒண்ணு. கதை சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டா முடிவைத் தெளிவா வைங்க. பேர்ல் ஜாம் பேண்டோட 'ஜெரமி' 1992 வீடியோ, எல்லாரும் ஒதுக்கற ஒரு பையன் வகுப்பறைல தன் உயிரையே எடுத்துக்கறான், அதுதான் கதை, பாட்டும் நிஜத்துல நடந்த ஒரு சாவைப் பத்திதான். ஆனா டிவில அந்தக் குறிப்பிட்ட ஷாட்டை காட்ட விடல. வெட்டிட்டாங்க. மிச்சம் இருந்தது, சட்டைல ரத்தத்தோட உறைஞ்சு உக்காந்திருக்கற மத்த பசங்க. பாத்தவன் எல்லாம் அந்தப் பையன்தான் மத்தவங்களைச் சுட்டுட்டான்னு புரிஞ்சுக்கிட்டான். சில செகண்ட் போச்சு, செத்தவன் கொலைகாரனாயிட்டான். பேண்டு அதுக்கப்புறம் 1998 வரைக்கும் இந்த மாதிரி வீடியோவே எடுக்கல. வசனம் இல்லாத எடத்துல ஒரு ஷாட் போனா சொல்லித் திருத்த ஆள் கிடையாது, பாட்டு வரி உதவிக்கு வராது.

---

கடைசி சீட்டு எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து சண்டை போட்டு ஒரு வழிக்கு வந்தோம், சரியான்னு பாத்து சொல்லுங்க.

பையனை விட்டுட்டோம். டப்பாவைப் பிடிச்சுக்கிட்டோம். முதல் பல்லவில அம்மா விடிகாலைல புளிசாதம் கட்டுறாங்க, எவர்சில்வர் டப்பா, மூடி சரியா உக்காராத பழைய டப்பா, அதை ஒரு ரப்பர் பேண்டு போட்டு இறுக்குறாங்க. ரெண்டாவது பல்லவில பஸ் போயிடுச்சு, டப்பா பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல இருக்கு. பையன் மறந்துட்டான். அம்மா அதைப் பாக்காம வீட்டுக்கு நடந்துட்டிருக்காங்க. பாட்டு மட்டும் அதே வார்த்தைல அம்மா கையைப் பத்திப் பாடிட்டிருக்கு. மூணாவது பல்லவிக்குத்தான் என்ன வைக்கறதுன்னு தெரியல. அம்மா திரும்பி வந்து எடுக்கறாங்கன்னு அவன் சொல்றான், எனக்கு அது ரொம்ப அழுகாச்சியா தெரியுது.

மலையக அக்காவா அண்ணனான்னு தெரியல, நீங்க சொன்னபடி அவன் அம்மாவையே கேட்டோம். 'எம்மூஞ்சிய எதுக்குலே எடுக்கியோ, வேலை இல்லையா'ன்னாங்க, ஆனா மறுநாள் தலைக்குக் குளிச்சிட்டு நல்ல சேலை கட்டி ரெடியா நிக்காங்க. இப்ப பழைய சேலைக்கு மாத்தச் சொல்றதுதான் கஷ்டம்.

இன்னொரு பிரச்சனை, 'பாட்டு என்னோடது, நான் எங்கடா இருக்கேன் இதுல'ன்னு கேக்கான்.

---

தாலிகட்டு எடிட்டர் எழுதியது:

அந்த ரப்பர் பேண்டை க்ளோசப்ல எடு. விடாத.

மூணாவதுக்கு, அம்மா திரும்பி வர வேணாம். ராத்திரி, ஓடுற பஸ்ல பையன் பைக்குள்ள கைய விட்டுத் தேடுறான், இல்ல. அங்கதான் உன் கூட்டாளி வரட்டும், அந்தப் பையன் அவனே. உதட்டை அசைச்சுப் பாடவும் வேணாம், ஜன்னல் கண்ணாடில முகம் தெரிஞ்சா போதும், 'நான் எங்கடா'ன்னு கேட்டதுக்கு அது பதிலாயிடும். அவன் பாடியே தீருவேன்னு அடம் பிடிச்சு, நீயும் ஸ்லோமோஷன்ல எடுக்கணும்னு நெனச்சேன்னா ஒரு டெக்னிக் இருக்கு, ஃபோன்ல செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல எடுத்து 30ல ஓட்டப் போறன்னா, ஷூட்டிங் ஸ்பாட்ல பாட்டை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டு அதுக்கு வாயசைக்கச் சொல்லு. கீச்சுக் குரல்ல கேக்கும், பஸ்ல இருக்கறவங்க சிரிப்பாங்க, ஆனா எடிட்ல உதடு பாட்டோட கச்சிதமா உக்காந்துடும், தலைமுடி மட்டும் மெதுவா பறக்கும்.

கோல்ட்ப்ளே பேண்டோட 'தி சயின்டிஸ்ட்'டுக்கு இதைவிட மோசம், வீடியோ முழுக்க பின்னோக்கி ஓடும், பாடுற வாய் மட்டும் நேரா இருக்கணும்னு பாடகர் கிறிஸ் மார்ட்டின் பாட்டையே தலைகீழா உச்சரிக்கக் கத்துக்கிட்டாரு, ஒரு மாசம் ஆச்சாம். அதுலயும் பாத்தியா, 'ஆரம்பத்துக்கே திரும்பிப் போறேன்'ங்கற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க, மீதி வரியைத் தொடவே இல்ல.

---

வெள்ளிக்கிழமை ரேடியோ எழுதியது:

டப்பா பெஞ்சுலயே இருக்கட்டும் தம்பி. யார் எடுத்தாங்கன்னு காட்டாதீங்க.

எங்கம்மா எனக்கு குடுத்தது தூக்குவாளி. அதுக்கு மேல எழுத வேணாம்.

---

கடைசி சீட்டு எழுதியது:

அண்ணே, ராத்திரி பஸ் ஷாட்டுக்கு கண்டக்டர்கிட்ட கேட்டோம். 'எடுத்துக்கோங்க, ஆனா ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடணும், மதுரை வரைக்கும்'ன்னுட்டாரு. 18,000ல இருந்து முதல் செலவு. சனிக்கிழமை கிளம்புறோம், புளிசாதம் நெஜமாவே கட்டச் சொல்லியிருக்கோம்.